கோப்பும் அடைவும்: கணினி அமைப்பு மாற்றமும் கேரளத் தமிழ்வழிக் கல்வியில் சொல்லின் நிலையும்

1. முன்னுரை

எழுதப்பட்டவற்றை மீண்டும் எடுத்தற்கேற்ற வகையில் ஒழுங்குபடுத்தி வைக்கும் முறை, எழுத்தைப் போன்றே தொன்மை வாய்ந்தது. எழுதுபொருள் மாறும்போதெல்லாம் இம்முறையும் இதற்குரிய சொற்களும் மாறி வந்துள்ளன. ஓலையிலிருந்து தாளுக்கு மாறியது ஒரு மாற்றம். தாளிலிருந்து கணினிக்கு மாறியது மற்றொரு மாற்றம். ஒரு கணினி அமைப்பைப் பழகியவர் வேறோர் அமைப்புக்கு மாற நேர்வது மூன்றாவது மாற்றமாகும். முதலிரண்டும் ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றுள்ள அளவுக்கு மூன்றாவது பெறவில்லை. எழுதுபொருள் மாறாமல் வைப்புமுறை மட்டுமே மாறுவதால், இதனைத் தொழில்நுட்பச் செய்தி என்று ஒதுக்கிவிடுவது எளிதாகிவிடுகிறது. ஆயினும் சொல்லுக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள உறவு மிகத் தெளிவாகச் சோதிக்கப்படுவது இம்மூன்றாம் மாற்றத்திலேயே எனலாம்.

இத்தகைய மாற்றம் பெருமளவில் நிகழ்ந்த களங்களுள் ஒன்று கேரளப் பள்ளிக்கல்வி. அங்குள்ள அரசுப் பள்ளிகளும் அரசு உதவிபெறும் பள்ளிகளும் 2000-களில் விண்டோஸ் அமைப்பிலிருந்து குனு/லினக்சு அமைப்புக்கு மாறின. இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளிலுள்ள தமிழ்வழிப் பள்ளிகளும் இம்மாற்றத்துக்கு உட்பட்டன. கோப்புகளையும் அவற்றை வைக்கும் இடங்களையும் குறிக்கும் தமிழ்ச்சொற்கள் இம்மாற்றத்தை எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பதையும், அதிலிருந்து மொழிபெயர்ப்பாளர் பெறத்தக்க பாடம் யாது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. களம்

இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் வட்டத்தில், மூணாற்றிலிருந்து ஏறத்தாழ 13 கி.மீ. தொலைவில் உள்ளது மாட்டுப்பட்டி. 1877-இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ பெற்ற கண்ணன் தேவன் மலைப்பரப்பைச் சார்ந்த பகுதி இது. பின்னர் இம்மலைகளில் தோட்டப்பயிர்த் தொழில் வளர்ந்தபோது தமிழ் மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் வந்து குடியேறின. 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீருமேடு வட்டங்கள் கேரளத்தில் அடங்கின. 1963-இல் இந்திய-சுவிட்சர்லாந்து கூட்டுத் திட்டத்தின்கீழ் இங்கு அமைந்த கால்நடை இனப்பெருக்கப் பண்ணையால் இவ்வூரின் பெயர் கேரளத்துக்கு வெளியேயும் அறியப்படலாயிற்று.

இவ்வூரின் பெயரே இக்கட்டுரைக்கு ஏற்றதொரு சான்றாக அமைகிறது. மாடுகள் அடைக்கப்படும் பட்டி என்ற பொருளில் இதனைத் தமிழர் ‘மாட்டுப்பட்டி’ என்பர். மலையாள எழுத்தில் ‘மாட்டுப்பெட்டி’ என்னும் வடிவம் மிகுதியாக வழங்குகிறது. ‘பட்டி’ என்பது ‘பெட்டி’ ஆகும்போது தொழுவம் பேழையாகிவிடுகிறது. உரோமன் எழுத்திலோ, ‘பெட்டி’ என முடிவதும் ‘பட்டி’ என முடிவதும், இரட்டித்த டகரத்துடன் எழுதுவதும் இரட்டிக்காமல் எழுதுவதுமாகப் பல வடிவங்கள் உள்ளன. மனிதருக்கு இவையனைத்தும் ஓர் ஊரே. கணினிக்கு இவை வெவ்வேறு பெயர்கள். ஒரு வடிவத்தில் பெயரிட்டு வைத்த கோப்பினை மற்றொரு வடிவத்தைக் கொண்டு தேடினால் அது கிடைக்காது.

இது வெறும் எழுத்துக்கூட்டல் பற்றிய சிக்கலன்று. கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969), தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுத் தலைமைச் செயலகத்துடனும் துறைத் தலைமை அலுவலகங்களுடனும், சிறுபான்மைப் பகுதியென அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அலுவலகங்களுடனும் தத்தம் மொழியிலேயே எழுத்துத் தொடர்பு கொள்ளவும், அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் வகைசெய்கிறது. தமிழில் எழுதப்பட்ட விண்ணப்பம் தமிழிலேயே கண்டெடுக்கப்படும்போதுதான் இவ்வுரிமை நடைமுறையில் பொருளுடையதாகும். ஆகவே வைப்புமுறையும் மொழியுரிமையின் ஒரு கூறாகிறது.

3. ஓலையிலிருந்து தாளுக்கு

வைப்புமுறைச் சொற்களின் பழைய வரலாற்றைச் சுருக்கமாகக் காண்பது இங்குப் பொருந்தும். சோழர் கல்வெட்டுகளில் ‘புரவுவரித் திணைக்களம்’, ‘வரிப்பொத்தகம்’ முதலிய சொற்கள் பயில்கின்றன. இவற்றுள் முன்னது வரிக்கணக்கைப் பேணிய அலுவலகத்தையும், பின்னது வரி பதியப்பெற்ற ஏட்டையும் குறித்தன. திருவிதாங்கூரில் ஓலை ஆவணங்கள் சுற்றி வைக்கப்பட்டன. அச்சுற்றினைக் குறிக்கும் ‘சுருணை’ என்னும் சொல் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவானது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்கள் இவ்வகைச் சுருணைகளாகவே அமைந்துள்ளன.

இச்சொற்களை நோக்கும்போது இருவகைப் பெயரீடு புலனாகிறது. ‘சுருணை’, ‘கட்டு’, ‘பொத்தகம்’ ஆகியன பொருளின் வடிவத்தால் பெற்ற பெயர்கள். ஊர்க் கணக்குகளில் வழங்கிவரும் ‘அடங்கல்’ போன்றவை செயலாலும் உறவாலும் பெற்ற பெயர்கள். பல பதிவுகள் ஒன்றனுள் அடங்கி நிற்கும் தன்மையை அவை சுட்டுகின்றன. ஓலை மறைந்ததும் சுருணை ஆவணக்காப்பகச் சொல்லாகச் சுருங்கிற்று. அடங்கலோ தாளுக்கும் உரியதாயிற்று.

‘கோப்பு’ என்பது இரண்டாம் வகையைச் சார்ந்தது. ‘கோ’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த இச்சொல் கோத்தலையும், கோத்து அமைத்த ஒழுங்கினையும் குறிக்கும். ஓலையில் துளையிட்டுக் கயிறு கோத்த வழக்கத்துக்கும், அலுவலகத் தாள்களில் துளையிட்டு நாடா கோத்த வழக்கத்துக்கும் இது ஒருங்கே பொருந்தியது. சென்னை ஆட்சிமொழிச் சட்டம் (1956) இயற்றப்பட்டபின் அரசு அலுவலகங்களில் தமிழ் ஆட்சிச்சொற்கள் பரவியபோது, ‘ஃபைல்’ என்பதற்கு நிகராகக் ‘கோப்பு’ நிலைபெற்றது. இலங்கைத் தமிழில் இதே வினையடியிலிருந்து தோன்றிய ‘கோவை’ என்பதும் இப்பொருளில் வழங்குவது ஒப்பிடத்தக்கது. ஆங்கிலச் சொல்லும் நூலைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழிவந்ததே. தாள்களை நூலிலோ கம்பியிலோ கோத்து வைத்ததே அதன் தொடக்கப் பொருள். இரு மொழிகளும் தனித்தனியே ஒரே செயலைக் கொண்டு பெயரிட்டிருப்பதால், ‘கோப்பு’ என்னும் மொழிபெயர்ப்பு சொல்லளவில் மட்டுமன்றிக் கருத்தளவிலும் பொருத்தமுடையதாகிறது.

4. கணினியில் இரு உருவகங்கள்

கணினியில் கோப்புகளை அடுக்கும் முறைக்கு இரு மரபுகள் உள்ளன. முதலாவது, பட்டியல் மரபு. 1965-இல் மல்ட்டிக்சு என்னும் அமைப்புக்காக முன்வைக்கப்பட்ட திட்டத்தில், ஒரு பட்டியலுக்குள் கோப்புகளின் பெயர்களோடு வேறு பட்டியல்களின் பெயர்களும் இடம்பெறலாம் என்ற கொள்கை விளக்கப்பட்டது. வேரிலிருந்து கிளைக்கும் மரம் போன்ற இவ்வமைப்பை 1969-இல் தொடங்கிய யூனிக்சு மேற்கொண்டது. அதன் வழிவந்த கொள்கைகளைப் பின்பற்றியே 1991-இல் லினக்சு தோன்றியது. இம்மரபில் வைப்பிடத்தின் பெயர் ‘டைரக்டரி’. பெயர்களை வரிசைப்படுத்திக் காட்டும் விவரப்பட்டியல் என்பதே அதன் பொருள்.

இரண்டாவது, மேசை மரபு. 1981-இல் செராக்சு நிறுவனம் வெளியிட்ட ஸ்டார் கணினியும், 1984-இல் வந்த ஆப்பிள் மெக்கின்டோசும் அலுவலக மேசையைத் திரையில் படமாகக் காட்டின. தாள்களை இட்டுவைக்கும் மடிப்பு உறையின் படம் வைப்பிடத்தைக் குறித்தது. அதன் பெயர் ‘ஃபோல்டர்’. எம்.எஸ்.-டாஸ் அமைப்பில் 1983 முதல் வழங்கிய ‘டைரக்டரி’ என்னும் பெயர், 1995 ஆகஸ்டில் வெளியான விண்டோஸ் 95-இல் பின்தள்ளப்பட்டு ‘ஃபோல்டர்’ முன்னிறுத்தப்பட்டது.

இவ்விரண்டும் பயனருக்கு ஒரே பொருளாகத் தோன்றினும் உருவகத்தால் வேறுபட்டவை. உறை என்பது பொருளை உள்ளே கொள்வது. பட்டியல் என்பது பொருளைச் சுட்டுவது. ஒரு தாள் ஒரே நேரத்தில் இரண்டு உறைகளுக்குள் இருத்தல் இயலாது. ஆனால் ஒரு பெயர் இரு பட்டியல்களில் இடம்பெறலாம். யூனிக்சு மரபில் ஒரே கோப்புக்கு இரு பட்டியல்களில் இரு பெயர்கள் அமைய முடிவது இதனாலேயே. உறை என்னும் உருவகத்தை மட்டும் அறிந்தவருக்கு இது முரணாகத் தோன்றும். பட்டியல் என்னும் உருவகத்தை அறிந்தவருக்கு இயல்பாகத் தோன்றும்.

5. தமிழில் இரு பெயர்கள்

கணினித் தமிழில் இவ்விரு மரபுகளுக்கும் இரு பெயர்கள் அமைந்தன. உறையுருவகத்தைத் தழுவியது ‘கோப்புறை’. ஒழுங்குக் கருத்தைத் தழுவியது ‘அடைவு’. ‘அடைவு’ என்பதற்கு முறைமை, ஒழுங்கு எனப் பழைய வழக்கில் பொருள் உண்டு. நூல்களின் இறுதியில் வரும் அகரவரிசைப் பட்டியலைச் ‘சொல்லடைவு’, ‘பொருளடைவு’ எனப் பதிப்பாசிரியர்கள் வழங்கியுள்ளனர். ஆகவே பெயர்களின் பட்டியல் என்ற கருத்துக்கு இச்சொல் ஏற்கெனவே பழகியிருந்தது.

விண்டோஸின் தமிழ் இடைமுகத்தில் ‘கோப்புறை’ இடம்பெற்றது. லினக்சில் மிகுதியாக வழங்கும் ஜினோம் மேசைச்சூழலின் தமிழாக்கத்தில் ‘அடைவு’ இடம்பெற்றது. இவ்விரு தமிழாக்கங்களும் வெவ்வேறு குழுக்களால் உருவானவை. எனவே அமைப்பு மாறும்போது தமிழ்ப் பயனருக்குத் திரை மட்டுமன்றித் தமிழும் மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் கற்றவர் எவ்வமைப்பிலும் ‘ஃபோல்டர்’ என்பதையே காண்கிறார். தமிழில் கற்றவர் நேற்றுக் ‘கோப்புறை’ என்று கற்றதை இன்று ‘அடைவு’ என்று காண நேர்கிறது. தாய்மொழியில் கற்பவர்க்கே மாற்றத்தின் சுமை மிகுதியாகிறது என்பது கருதத்தக்கது.

6. கேரளப் பள்ளிகளின் மாற்றம்

கேரளத்தில் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் 2001-இல் தொடங்கப்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளையும் அதே ஆண்டு ஜூலையில், ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னிலையில் திருவனந்தபுரத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. தொடக்கத்தில் பள்ளிகளில் விண்டோஸ் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் ஆர்வலரும் ஆசிரியர் அமைப்புகளும் வலியுறுத்தியதைத் தொடர்ந்து, ஆசிரியர் பயிற்சியும் பாடநூலும் படிப்படியாகக் குனு/லினக்சுக்கு மாறின. 2007-இல் அறிவிக்கப்பட்ட மாநிலத் தகவல் தொழில்நுட்பக் கொள்கையும் கட்டற்ற மென்பொருளை ஆதரித்தது. 2008-ஆம் ஆண்டளவில் பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு முழுமையும் அவ்வமைப்பிலேயே நடைபெறும் நிலை ஏற்பட்டது. பள்ளிகளுக்கெனத் தனியே தொகுக்கப்பட்ட இவ்வமைப்பு முதலில் தெபியனையும் பின்னர் உபுண்டுவையும் அடிப்படையாகக் கொண்டது. 2017-இல் இத்திட்டம் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக மாற்றப்பட்டது. பள்ளிகளின் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் இவ்வமைப்பைப் பயன்படுத்துவதால் ரூ. 3,000 கோடி மிச்சமாகும் என 2019-இல் அந்நிறுவனம் மதிப்பிட்டது.

தமிழ்நாட்டிலும் இதற்கு இணையான முயற்சிகள் நிகழ்ந்துள்ளன. 2006-07 காலத்தில் எல்காட் நிறுவனம் சூசே லினக்சுக்கு மாறியது. 2011 முதல் மாணவர்க்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இடம்பெற்றது. எனினும் ஒரு மாநிலத்தின் பள்ளிக்கல்வி முழுவதும் ஒரே அமைப்புக்கு மாறிய வகையில் கேரளம் தனித்து நிற்கிறது.

கேரள அரசின் பள்ளிப் பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய நான்கு மொழிகளில் அச்சாகின்றன. ஆயினும் பாடநூலின் மொழி, திரையின் மொழி, பயிற்சியின் மொழி ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்கும் என்று கொள்வதற்கில்லை. தமிழ்வழி மாணவரைப் பொறுத்தவரை தமிழ் அச்சிலும், ஆங்கிலம் திரையிலும், மலையாளம் சூழலிலும் இருத்தல் கூடும். அந்நிலையில் ஒரு வைப்பிடத்துக்கு மூன்று பெயர்கள் உண்டாகின்றன. தேர்வில் கேட்கப்படுவது இன்ன பெயரில் ஒரு வைப்பிடத்தை உருவாக்கி, அதற்குள் கோப்பினைச் சேமிக்கும் செயலாயின், கேள்வியிலுள்ள சொல்லைத் திரையிலுள்ள சொல்லோடு இணைத்துக் காண்பதே முதற்சோதனையாகிவிடுகிறது.

7. மாறியவையும் மாறாதவையும்

அமைப்பு மாறும்போது கோப்பு மேலாண்மையில் உண்மையில் மாறுவன சிலவே. அவற்றை வரையறுத்துக் கொள்வது சொல்லாக்கத்துக்கு உதவும்.

முதலாவது, வேர் பற்றியது. விண்டோஸில் ஒவ்வொரு வட்டும் ஓர் ஆங்கில எழுத்தால் சுட்டப்படும். ‘ஏ’, ‘பி’ என்னும் எழுத்துகள் நெகிழ்வட்டுகளுக்கு உரியனவாக இருந்தமையால் வன்வட்டு ‘சி’ எனப் பெயர்பெற்றது. நெகிழ்வட்டு மறைந்த பின்னும் ‘சி’ நிலைத்திருப்பது, பேச்சில் மறைந்த ஒலி எழுத்தில் நிலைத்திருப்பதைப் போன்றது. லினக்சில் வட்டுகளுக்கு இவ்வாறு எழுத்துகள் இல்லை. எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன. அவ்வேர் ஒரு சாய்கோட்டால் குறிக்கப்படும். புதிதாகச் செருகும் வட்டும் அம்மரத்தின் ஒரு கிளையாக வந்து சேர்கிறது. ‘டி-யில் இருக்கிறது’ என்று சொல்லிப் பழகியவர்க்கு, ‘வேரிலிருந்து எவ்வழியே செல்வது’ என்று வினவிப் பழக வேண்டியதாகிறது. இடப்பெயர் கூறும் மொழி வழி கூறும் மொழியாக மாறுகிறது.

இரண்டாவது, எழுத்துவேறுபாடு பற்றியது. உரோமன் பெயரில் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் வேறுபட்டால் லினக்சு அவற்றை இரு கோப்புகளாகக் கொள்ளும். விண்டோஸ் பொதுவாக ஒன்றாகவே கொள்ளும். தமிழில் இவ்வேறுபாடு இல்லாமையால் தமிழ்ப்பெயரிட்ட கோப்புக்கு இச்சிக்கல் எழாது.

மூன்றாவது, விலக்கப்பட்ட குறிகள் பற்றியது. முக்காற்புள்ளி, வினாக்குறி, உடுக்குறி முதலியவற்றை விண்டோஸ் கோப்புப் பெயரில் ஏற்பதில்லை. லினக்சு இவற்றை ஏற்கும். பயனர் தட்டச்சிடும் குறிகளுள் சாய்கோட்டை மட்டும் ஏற்காது. ஆகவே, முக்காற்புள்ளியிட்டு லினக்சில் வைத்த பெயர் விண்டோஸ் கணினிக்குச் செல்லும்போது தடைப்படும். மேலும் புள்ளியில் தொடங்கும் பெயருடைய கோப்பு லினக்சில் இயல்பாகக் கண்ணுக்குத் தோன்றாது. காணாமற்போயிற்று என்று கருதப்படும் கோப்புகளுள் சில மறைந்திருப்பனவே.

மாறாதவை இவற்றினும் பல. பெயரிடுதல், சேமித்தல், படியெடுத்தல், இடம்பெயர்த்தல், நீக்குதல், மீட்டல், தேடுதல் ஆகிய செயல்கள் இரண்டிலும் ஒன்றே. ஒன்றனுள் ஒன்று அடங்குதல் என்ற உறவும் ஒன்றே. நீக்கிய கோப்பு தங்குமிடத்தை ஓர் அமைப்பு மறுசுழற்சித் தொட்டி என்றும் மற்றொன்று குப்பைத்தொட்டி என்றும் அழைக்கலாம். முன்னது மீட்கலாம் என்ற குறிப்பையும், பின்னது ஒழிந்தது என்ற குறிப்பையும் தரினும், இரண்டிலும் கோப்பை மீட்க இயலும். இங்கு வேறுபடுவது உருவகமே, செயலன்று.

8. தமிழ்ப்பெயர் தாங்கிய கோப்புகள்

தமிழில் பெயரிடுவோர் எதிர்கொள்ளும் சிக்கல்கள் தனியே ஆராயத்தக்கவை. டாஸ் காலத்தில் கோப்பின் பெயர் 8 எழுத்துகளுக்கும், அதன் வகைக்குறி 3 எழுத்துகளுக்கும் மிகாதிருத்தல் வேண்டும். ‘மாட்டுப்பட்டி’ என்பதை உரோமன் எழுத்தில் முழுமையாக எழுத 10 எழுத்துகள் வேண்டும். எனவே அது குறுக்கப்பட்டே ஆக வேண்டும். இவ்வாறு குறுக்கப்பட்ட பெயர்களின் விரிவை அவற்றை இட்டவரே அறிவர்.

அடுத்து, குறிமுறை மாற்றம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தாம், தாப் என்னும் குறிமுறைகள் தமிழ்நாட்டில் ஏற்கப்பட்டன. திஸ்கியும் தனி நிறுவனங்களின் எழுத்துருக்களும் உடன் வழங்கின. 1991 முதலே ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றிருந்தது. விண்டோஸ் 2000 அதனைச் செயற்படுத்தியது. 2010 ஜூனில் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்றது. பழைய குறிமுறையில் எழுதப்பட்ட கோப்பு, அதற்குரிய எழுத்துரு இல்லாத புதிய கணினியில் பொருளற்ற உரோமன் எழுத்துக்கோவையாகத் தோன்றும். அக்கோப்பு அழிந்துவிடவில்லை, அதன் எழுத்தைப் படித்துக்காட்டும் வழியே அறுபட்டுள்ளது. குறிமுறை மாற்றிகளைக் கொண்டு மீட்கத்தக்க இத்தகைய கோப்புகள், பழுதுற்றவை எனக் கருதி நீக்கப்படும் இடர் உண்டு. அமைப்பு மாற்றத்தின்போது தமிழாவணங்களுக்கு நேரக்கூடிய பேரிழப்பு இதுவேயாகும்.

ஒருங்குறியிலும் நுட்பமான வேறுபாடுகள் உள. ‘கோப்பு’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். இதன் முதலெழுத்திலுள்ள ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பு, கால் என இரு குறியெண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒருங்குறி நெறியும் அவற்றை நிகரானவை என்றே கூறுகிறது. ஆனால் லினக்சின் வழக்கமான கோப்பு முறைமை பெயரைப் பைட்டுகளின் தொடராக மட்டுமே நோக்குவதால், ஒரே அடைவில் ‘கோப்பு’ என்னும் பெயரில் இரு வேறு கோப்புகள் இருத்தல் கூடும். மலையாளத்திலும் சில்லெழுத்துகளுக்கு 2008-இல் தனிக் குறியெண்கள் வழங்கப்பட்டபின், ஒரே சொல்லுக்கு இரு குறிவடிவங்கள் உண்டாயின. அண்டை மொழிகள் இரண்டும் ஒரே வகைச் சிக்கலைச் சந்தித்திருப்பது நோக்கத்தக்கது.

பெயரின் நீளமும் ஒரு வரம்புக்கு உட்பட்டது. விண்டோஸின் கோப்பு முறைமை 255 குறியலகுகளை ஏற்கும். லினக்சில் வழங்கும் முறைமை 255 பைட்டுகளை ஏற்கும். யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணுக்கும் 3 பைட்டுகள் தேவைப்படுவதால், தமிழ்ப்பெயர் 85 குறியெண்களைத் தாண்டலாகாது. ‘மாட்டுப்பட்டி’ என்பது 7 எழுத்துகளாயினும் 13 குறியெண்கள் கொண்டது. 39 பைட்டுகளைக் கொள்வது. கட்டுரைத் தலைப்பு முழுவதையும் கோப்பின் பெயராக இடும் பழக்கமுடையவர், விண்டோஸில் வைத்த கோப்பினை லினக்சுக்குப் படியெடுக்கையில் தடையுறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வரிசையும் கருதத்தக்கது. தமிழ் அகராதி வரிசையில் ‘கல்வி’ முன்னும் ‘கலை’ பின்னும் வரும். ‘பழம்’ முன்னும் ‘பறவை’ பின்னும் வரும். ‘கரி’ முன்னும் ‘கனி’ பின்னும் வரும். ஒருங்குறி எண்வரிசையில் இம்மூன்றும் தலைகீழாகும். இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த இஸ்கி வரிசையைத் தழுவி ஒருங்குறியில் தமிழ் அமைந்ததே இதற்குக் காரணம். கணினியின் வட்டார அமைப்பைத் தமிழுக்குரியதாக ஆக்கினால் மரபு வரிசையை ஒட்டி அடுக்க வழியுண்டு. இல்லையேல் எண்வரிசையே மேலோங்கலாம். பட்டியலின் கீழ்ப்பகுதியில் இருக்கும் என்று எதிர்பார்த்த கோப்பு மேற்பகுதியில் இருத்தலால் ‘இல்லை’ என்ற முடிவுக்கு வருதல் இதனால் நிகழக்கூடியது.

9. அண்டை மொழியின் தாக்கம்

எல்லைப்பகுதியில் கலைச்சொல் தனித்து வாழ்வதில்லை. மலையாளத்தில் ‘கோப்பு’ என்பது கருவி, உபகரணம் என்ற பொருளில் வழங்குவது. ‘களிக்கோப்பு’ விளையாட்டுப் பொருளையும், ‘படக்கோப்பு’ போர்க்கருவியையும் குறிக்கும். பேச்சுவழக்கில் இச்சொல்லுக்கு இகழ்ச்சிக் குறிப்பும் ஏறியுள்ளது. ஆகவே தமிழ்வழி மாணவர் வகுப்பறையில் ‘கோப்பு’ என்று கூறும்போது மலையாளம் பேசுவோர் நகைக்க இடமுண்டு. மாணவர் ‘ஃபைல்’ என்னும் சொல்லையே விரும்புவதற்கு ஆங்கில மோகம் மட்டும் காரணம் என்று முடிவு செய்தல் பொருந்தாது.

‘அடைவு’ என்பதற்கும் இத்தகைய நிலை உண்டு. மலையாளத்தில் ‘அடவு’ என்பது உத்தியையும் தவணைக் கட்டணத்தையும் குறிக்கும். இலங்கைத் தமிழில் ‘அடைவு’ என்பது அடகினைக் குறிக்கும். கல்வித்துறையில் மாணவர் எய்திய தேர்ச்சியையும் குறிக்கும். எனவே தமிழ்நாட்டில் ஐயமின்றி விளங்கும் ஒரு சொல், தமிழ் வழங்கும் பிற நிலங்களில் வேறு பொருளை முதலில் நினைவூட்டுகிறது. ஒரே தமிழாக்கம் உலகெங்கும் ஒரே திரையில் தோன்றும் இக்காலத்தில் இவ்வேறுபாடுகளைப் புறக்கணித்தல் இயலாது.

‘உறை’ என்பதோ மலையாளத்தில் ‘உற’ என நிற்கும். மேலுறை என்னும் அதே பொருளைத் தருவது. ஆகவே எல்லைப்பகுதி மாணவர்க்குக் ‘கோப்புறை’யின் பிற்பகுதி எளிதில் விளங்கும். சொல்லின் தகுதி அகராதியில் மட்டுமன்று, அது வழங்கும் நிலத்திலும் அளக்கப்பட வேண்டும் என்பதை இவை உணர்த்துகின்றன.

10. முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. பொருளின் வடிவத்தால் பெற்ற பெயர், அவ்வடிவம் மறைந்ததும் வழக்கு குன்றுகிறது. செயலாலும் உறவாலும் பெற்ற பெயர் எழுதுபொருள் மாறினும் நிலைக்கிறது. சுருணை மறைந்தமைக்கும் கோப்பு நிலைத்தமைக்கும் இதுவே காரணம் எனலாம். கோப்புறை, அடைவு ஆகிய இரண்டனுள் ஒன்றை ஒழித்து மற்றொன்றை நிறுத்த முயல்வதைவிட, உறையுருவகம் தேவைப்படும் இடத்தில் முன்னதையும் பட்டியற்கருத்து தேவைப்படும் இடத்தில் பின்னதையும் ஆள்வது பொருத்தமாகும். பாடநூலில் இரு சொற்களும் ஒருமுறையேனும் அருகருகே இடம்பெற்று, இரண்டும் ஒரே வைப்பிடத்தைச் சுட்டும் இரு பெயர்கள் என்பது விளக்கப்படுமாயின், அமைப்பு மாறும்போது மாணவர் தடுமாற நேராது.

பாடநூல் மொழிபெயர்ப்பாளர் திரையிலுள்ள சொல்லுக்கு நிகர் காண்பதோடு நின்றுவிடலாகாது. ‘சி-யைத் திற’, ‘மஞ்சள் உறையைச் சொடுக்கு’ என ஓர் அமைப்பின் தோற்றத்தையொட்டி எழுதிய பாடம் அவ்வமைப்போடு பயனிழக்கும். ‘பெயரிடுக’, ‘வேரிலிருந்து வழி காண்க’, ‘இதனுள் அடக்குக’ எனச் செயலையும் உறவையும் முன்னிறுத்தி எழுதிய பாடம் எவ்வமைப்புக்கும் உதவும். கேரளப் பள்ளிகளின் அமைப்பே தெபியன், உபுண்டு எனவும், அவற்றின் அடுத்தடுத்த பதிப்புகள் எனவும் மாறி வந்திருத்தலின், இது நடைமுறைத் தேவையுமாகும்.

இறுதியாக, ஊர்ப்பெயர், ஆட்பெயர் ஆகியவற்றுக்கு ஒரு வடிவத்தை முதன்மையாகக் கொண்டு பிறவற்றை அதனோடு இணைத்துக் காட்டும் பெயரடைவுகள் எல்லைப்பகுதிகளுக்கு உடனடித் தேவை. மாட்டுப்பட்டி, மாட்டுப்பெட்டி என்னும் இரு வடிவங்களும் ஓர் ஊரையே குறிப்பன என்பதைக் கணினி தானாக அறியாது. அதனை அறிந்த மொழியறிஞரே அதற்குச் சொல்லித்தர வேண்டும். கல்வெட்டுப் பெயரடைவுகளையும் இலக்கியச் சொல்லடைவுகளையும் தொகுத்த தமிழ்ப் புலமை மரபுக்கு இப்பணி புதியதன்று. அம்மரபு கணினிக்கும் நீட்டிக்கப்படுமாயின், தமிழில் எழுதப்படும் விண்ணப்பமும் விடைத்தாளும் எவ்வமைப்பிலும் தமிழிலேயே கண்டெடுக்கப்படும்.